ஹைலக்ஸ் பின் ஸ்பிரிங் சுமை தாங்குதில்லை, உதவி தேவை

வேலைக்குப் பாவிக்கிற பிக்கப்பின்ர பின்பக்கம் சுமை ஏத்தினவுடன இருந்துபோகுது. ஸ்பிரிங் தகடு திரும்பத் திரும்ப உடையுது.

வாகனம் 1998 டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், 4 வீல் டிரைவ், டீசல். இடம் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ உள்ள வயல்களில பம்ப் திருத்துறது, மதகுக் கதவு வெல்டிங் செய்யிறதுதான் தொழில். ஜெனரேற்றர், வெல்டிங் பிளான்ட், குழாய்கள், 500 லீற்றர் தண்ணித் தாங்கி எல்லாம் பின்னுக்குத்தான். தண்ணி மட்டுமே அரைத் தொன். மாங்குளம் றோட்டில பிரச்சினை இல்லை. உள்ளுக்குக் கிரவல் பாதையில பள்ளத்தில விழேக்க அக்சில் மேல வந்து இடிக்குது.

போன மாரியோட தொடங்கினது. உடையிற இடம் எப்பவும் ஒண்டுதான்: தகடுகளை நடுவில சேர்த்துப் பிடிக்கிற சென்ரர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில, குறுக்கால. கழட்டிப் பார்த்தால் தகடுகளுக்கு இடையில கிரவல் மண் மாவாய் இறுகிக் கிடக்கு. வெடிப்பில பாதி பழைய கறள், பாதி புதுசாய் மினுங்குது.

தகடுகளைத் திரும்ப வளைச்சு எடுத்தம். யூ போல்ட், ஷொக் அப்சோபர் எல்லாம் புதுசு. கூடச் சுமை தாங்குற 10 பிளை ரயரும் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூட்டினாப்பிறகு வெறுமையாய் ஓடேக்க முதுகு முறியிற குலுக்கம், சுமையோட பழையபடிதான். தாங்கியைக் கபினோட ஒட்டி முன்னுக்கு நகர்த்தினது மட்டும் கொஞ்சம் உதவிச்சு. லொறி சரிவராது, வரம்புப் பாதையில திருப்பேலாது.

பெரும்போக விதைப்புக்கு முன்னம் சரிப்படுத்த வேணும். சுமை ஏறேக்க மட்டும் தாங்குற ஹெல்பர் தகடு, ஸ்பிரிங்குக்குத் துணையாய்க் காத்து அடிச்சு வைக்கிற எயார் பாக், இந்த ரெண்டில எது எங்கட கிரவல் பாதையில உங்களுக்கு நிண்டு பிடிச்சது?