குண்டாஸ் உத்தரவு வந்துவிட்டால் ஜாமீன் மனுவா, ஆட்கொணர்வு மனுவா?

தாமிரக்கரை (கேள்வி)

வணக்கம். அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகி மத்திய சிறையில் இருக்கும் ஒருவர் மீது, மூன்றாவது வாரத்தில் மாவட்ட ஆட்சியர் குண்டர் சட்டத்தில் (தமிழ்நாடு சட்டம் 14/1982) உத்தரவு போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழக்கு இரண்டு இருக்கிறது, இரண்டிலும் ஜாமீன் வாங்கியவர். குடும்பத்தார் கையில் இருப்பது அவருக்குக் கொடுத்த புக்லெட் (காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கிய தொகுப்பு) மட்டும்.

1. புது வழக்கில் ஜாமீன் கிடைத்தால் வெளியே வந்துவிடலாமா?
2. அறிவுரைக் கழகத்தின் (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) முன்பு வக்கீல் வைக்க முடியாதாமே, அப்புறம் அங்கே போய் என்ன பயன்?
3. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்திலா, நேரே உச்ச நீதிமன்றத்திலா? எந்த அடிப்படையில் ஜெயிக்கிறார்கள்?

"கோர்ட்டில் போய் அவன் நல்லவன் என்று சொல்லுங்கள்" என்கிற மாதிரி அறிவுரை வேண்டாம். நடைமுறை வேண்டும்.

கறுப்பு அங்கி

முதல் கேள்விக்குப் பதில்: வர முடியாது. இரண்டும் தனித்தனிக் காவல். வழக்கில் ரிமாண்ட் என்பது நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு; குண்டாஸ் என்பது இனி நடக்கலாம் என்ற அச்சத்துக்கு. ஜாமீன் முதல் பூட்டைத்தான் திறக்கும். உல்டாவாகவும் மாட்டுவார்கள்: உயர் நீதிமன்றம் குண்டாஸை ரத்து செய்த பிறகும், கிரவுண்ட் கேஸில் (குண்டாஸுக்கு அடிப்படையான வழக்கில்) ஜாமீன் எடுக்காததால் ஆள் உள்ளேயே இருப்பார். ஆக இரண்டையும் இணையாக நடத்துங்கள்.

இதில் ஒரு தேதி எல்லாருக்கும் நழுவுகிறது. "குண்டாஸ்தான் இருக்கே, எதற்கு" என்று கிரவுண்ட் கேஸை யாரும் பார்ப்பதில்லை. 60 நாளில் (பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை, ஆயுள், தூக்கு ஆகியவற்றுக்குரிய குற்றமென்றால் 90 நாளில்) குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் சட்டப்படியான ஜாமீன் உரிமை வருகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். குற்றப்பத்திரிகை வந்து விழுவதற்கு முன்பே மனு தாக்கல் ஆகியிருக்க வேண்டும், பிறகு போட்டால் அந்த உரிமை போச்சு.

மூன்றாவது: அரசியலமைப்பின் 32ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம் போகலாம்தான், ஆனால் 226இல் உயர் நீதிமன்றம்தான் நடைமுறை. உத்தரவு போட்ட மாவட்டத்தைப் பொறுத்து சென்னை அல்லது மதுரைக் கிளை. இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். கைதியின் கையெழுத்து தேவையில்லை. மனைவியோ அம்மாவோ அப்பாவோ பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும். எதிர்மனுதாரர்களாக உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலர், உத்தரவிட்ட ஆட்சியர் (மாநகரமென்றால் காவல் ஆணையர்), சிறைக் கண்காணிப்பாளர், பரிந்துரைத்த இன்ஸ்பெக்டர் ஆகியோரைச் சேர்ப்பார்கள். உத்தரவின் எண்ணையும் தேதியையும் புக்லெட்டைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

எந்த அடிப்படையில் ஜெயிக்கிறார்கள் என்பதுதான் பெரிய பதில், அதைக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

வாய்தா

குண்டாஸில் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே உத்தரவில் வைக்கக் கூடாது. செருகூரி மணி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு பாயின்ட் போதும்.

ஏட்டுச்சுவடி

வாய்தா சார், அது பழைய கதை. ஆந்திரச் சட்டத்தின் மேல் வந்த அந்தத் தீர்ப்பை 2023இல் பெசல நூகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றமே கவிழ்த்துவிட்டது. சட்டத்தில் வரும் மூன்று மாதம் என்பது, ஆட்சியருக்கு அரசு அதிகாரம் ஒப்படைக்கும் காலத்துக்கான வரம்பு; ஒரு கைதியை வைக்கும் காலத்துக்கானது அல்ல. அறிவுரைக் கழகம் போதிய காரணம் உண்டென்று சொல்லி அரசு உறுதி செய்தால் உச்ச அளவு 12 மாதம். இணையத்தில் இன்னும் பலர் 2014 தீர்ப்பை நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். மனுவில் அதை எழுதினால் முதல் நாளே முகம் சுளிப்பார்கள்.

தாமிரக்கரை, உங்கள் புக்லெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை எழுதுங்கள். நம் சட்டத்தின் கடிகாரம் இது:

உத்தரவு போட்ட நாளிலிருந்து 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு தானாகச் செத்துவிடும். காவலில் வைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் கொடுக்க வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். முதலாவது உத்தரவு தேதியிலிருந்து ஓடுகிறது, மற்ற மூன்றும் காவல் தேதியிலிருந்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு எண்ணியவர்கள் நிறைய.

இந்தத் தேதிகளை அரசு பெரும்பாலும் தவறவிடாது. ஆகவே அடி விழுவது வேறு இடங்களில்.

ஒன்று, புக்லெட். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். கைது அறிவிப்புப் படிவம், ரிமாண்ட் உத்தரவு, பழைய வழக்கின் முதல் தகவல் அறிக்கை எல்லாம் நகலின் நகலாக இருக்கும், பாதி எழுத்து படியாது. படிக்க முடியாத பக்கம் கொடுக்காத பக்கத்துக்குச் சமம், ஏனென்றால் உத்தரவை எதிர்த்து முறையிட அரசியலமைப்பின் 22(5)ஆம் பிரிவு தரும் உரிமையை அதை வைத்துப் பயன்படுத்த முடியாது. அடுத்து மொழி. காரணங்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கும், ஆனால் உள்ளே சில ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டும் நிற்கும். பொவனம்மாள் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இந்த ஒரே காரணத்துக்காகத் தமிழ்நாட்டு உத்தரவு ஒன்றை ரத்து செய்தது: சார்ந்து நின்ற ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை. ஆங்கிலப் பத்தியையும் தமிழ்ப் பத்தியையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். தேதியோ குற்ற எண்ணோ மாறியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, "வெளியே வந்துவிடுவார்" என்ற பத்தி. ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால், அவர் ஜாமீனில் வர உண்மையான வாய்ப்பு உண்டென்று ஆட்சியர் திருப்தி அடைய வேண்டும். வழக்கமாக எழுதுவது: "இதே போன்ற வழக்கில் இன்னாருக்கு ஜாமீன் கிடைத்துள்ளது." ரேகா வழக்கில் (2011, இதுவும் தமிழ்நாடுதான், காலாவதியான மருந்து விவகாரம்) மூன்று நீதிபதிகள் அமர்வு கேட்டது: எந்த வழக்கு, எந்தத் தேதி, யாருக்கு? விவரமில்லாத வரி செல்லாது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வரும் வாய்ப்பு எங்கிருந்து வந்தது? அந்தத் தீர்ப்புக்குப் பிறகு குற்ற எண், ஜாமீன் உத்தரவு எல்லாம் இணைக்கிறார்கள். அதனால் நீங்கள் அந்த இணைப்பைத்தான் படிக்க வேண்டும். அது உண்மையிலேயே "அதே போன்ற" வழக்கா? உங்கள் ஆளுக்குப் பழைய வழக்கு இரண்டு, அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குக் கொலை முயற்சிப் பிரிவு, அவருக்கு வாய்த்தகராறு. அல்லது அவருக்குக் கிடைத்தது குற்றப்பத்திரிகை தாமதத்தால் வந்த சட்டப்படியான ஜாமீன். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்சியர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்ற வாதம் நிற்கும்.

மூன்று, பொது ஒழுங்கு. ராம் மனோகர் லோகியா வழக்கில் வந்த மூன்று வட்டங்கள்: வெளிவட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் அரசின் பாதுகாப்பு. இரண்டு பேருக்குள் பணத்தகராறில் வெட்டு விழுந்தால் அது வெளிவட்டம், குண்டாஸுக்குப் போதாது. தெலங்கானாவின் இதே மாதிரிச் சட்டத்தில் உச்ச நீதிமன்றம் 2021 முதல் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஆனால் என் அனுபவ மதிப்பீடு: பட்டப்பகலில் கடைத்தெருவில் கத்தியைக் காட்டி மிரட்டினார், கடைகளை அடைத்து ஓடினார்கள் என்று வாக்குமூலத்தில் அச்சடித்த மாதிரி எழுதிவிடுவதால், இந்த வாதம் முதல் இரண்டைவிடக் கடினம்.

தாமிரக்கரை

நன்றி அய்யா. "முறையீடு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை அனுப்பினால் அரசு நிராகரிக்கத்தானே போகிறது? அதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டுமா?

கறுப்பு அங்கி

நிராகரிப்பதற்காகவே அனுப்புங்கள். எத்தனை நாளில் நிராகரிக்கிறார்கள் என்பதுதான் ஆயுதம்.

ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரும் நாளில் அரசுத் தரப்பு வக்கீல் ஒரு புரோஃபார்மா கொடுப்பார். ஒரு பக்கத் தாள். முறையீட்டின் தேதி, துறைக்கு வந்த தேதி, ஆட்சியரிடம் குறிப்புரை கேட்ட தேதி, குறிப்புரை வந்த தேதி, கோப்பு போன தேதி, சார்புச் செயலர் பார்த்தது, துணைச் செயலர் பார்த்தது, அமைச்சர் பார்த்தது, நிராகரித்த கடிதம், அது கைதி கையில் சேர்ந்த நாள் என்று வரிசையாக இருக்கும். அந்தத் தாளை வைத்து விரல்விட்டு எண்ண வேண்டும். 3ஆம் தேதி குறிப்புரை கேட்டு 17ஆம் தேதி வந்திருந்தால் இடையில் 13 நாள். அதில் அரசு விடுமுறை 4 என்றால் 9 நாள் கணக்கில் வராதது. பதில் மனுவில் அந்த 9 நாளுக்கு விளக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் உத்தரவு ஆட்டம் காணும். ராஜம்மாள் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றத்தில் நின்றது அமைச்சரிடம் கோப்பு கிடந்த ஐந்து நாள்தான். "அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார்" என்ற விளக்கம் எடுபடவில்லை, ஒருவரின் சுதந்திரம் பயணத்துக்காகக் காத்திருக்க முடியாது என்ற நிலைப்பாடு.

கவனியுங்கள், எத்தனை நாள் என்று நிலையான எண் கிடையாது. நீண்ட தாமதமும் விளக்கம் சரியாக இருந்தால் தப்பும், குறுகிய தாமதமும் விளக்கமில்லாவிட்டால் மாட்டும்.

அனுப்பும் முறை: இரண்டு முறையீடு. ஒன்று ஆட்சியருக்கு. அரசு ஒப்புதல் தருவதற்கு முன்பு ஆட்சியரே தன் உத்தரவை ரத்து செய்யலாம், ஆகவே இது முதல் சில நாளிலேயே போக வேண்டும். அந்த உரிமை இருப்பதையே காரணங்களில் சொல்லாமல் விட்டால் அதுவும் குறைதான். இதே சாயலில் உள்ள மகாராஷ்டிரச் சட்டத்தில் 2000ஆம் ஆண்டு சந்தோஷ் சங்கர் ஆச்சார்யா வழக்கில் வந்த நிலைப்பாடு அது. இன்னொன்று உள்துறைச் செயலருக்கு. ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட். சிறை வழியாகக் கைதியே கொடுத்தால், சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது எந்தத் தேதியில் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். உள்ளே "என் மகன் அப்பாவி" என்று மூன்று பக்கம் எழுதாதீர்கள். "பக்கம் 41, 42 படிக்க இயலவில்லை, தெளிவான நகல் தருக, பக்கம் 57 ஆங்கிலத்தில் உள்ளது, தமிழாக்கம் தருக" என்று எண் போட்டுக் கேளுங்கள். தராவிட்டால் அடுத்த வாதம் தயார்.

நடைமேடை

அறிவுரைக் கழகம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வக்கீல் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, உண்மை. ஆனால் 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் இரண்டு சலுகை கிடைத்தது: வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் துணையைக் கைதி கேட்கலாம், அரசுத் தரப்பு சட்ட வல்லுநரை வைத்து வாதாடினால் கைதிக்கும் அதே உரிமை. நண்பர் துணை வேண்டுமென்பதை எழுத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும், அங்கே போய் நின்று கேட்டால் வேலைக்காகாது. கழகத்தில் பேசுவதற்குக் கைதியிடம் ஐந்தாறு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். கழகம் முத்திரை குத்தும் இடமாக இருக்கக் கூடாது என்று 2024இல் நெனாவத் புஜ்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கண்டிப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்கியது என்பது வேறு விஷயம்.

விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைக்க அரசியலமைப்பு எப்படி அனுமதிக்கிறது என்று கேட்பவர்களுக்காக: அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே 22ஆம் பிரிவில் இது உட்கார்ந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது, விருப்பமான வக்கீல் வைப்பது இரண்டும் தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்று 22(3) வெளிப்படையாகவே சொல்கிறது. இதை முதலில் சோதித்தவர் சென்னை மாகாணச் சிறையிலிருந்து மனு போட்ட ஏ.கே. கோபாலன். 1950 மே மாதம் பெரும்பான்மை அவருக்கு எதிராகப் போனது. 1978இன் 44ஆவது திருத்தம், அறிவுரைக் கழகம் இல்லாமல் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும், கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும் வழி செய்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த ஒன்றிய அரசும் இதுவரை வெளியிடவில்லை. கட்சி வித்தியாசமே இல்லாத ஒற்றுமை!

வாய்தா

ஏட்டுச்சுவடி சார், 2023 தீர்ப்பு தெரியாமல் போச்சு, திருத்தியதற்கு நன்றி. ஒரு சந்தேகம்: குண்டாஸ் ரத்தானதும் அதே வழக்குகளை வைத்து மறுபடி போடுகிறார்களே?

ஏட்டுச்சுவடி

ரத்தான உத்தரவின் காரணங்களை மீண்டும் சார்ந்து புது உத்தரவு போட்டால் நிற்காது. சகன் பகவான் கஹார் வழக்கு, 1989. புதுச் சம்பவம் இருந்தால் போடலாம், ஆனால் பழையதையும் கலந்தால் முழு உத்தரவும் கெடும். ஆகவே இரண்டாவது புக்லெட் வந்தால், முதலாவதையும் ரத்து செய்த தீர்ப்பின் நகலையும் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.

கறுப்பு அங்கி

தாமிரக்கரைக்கு ஒன்று விட்டுப்போச்சு. வக்கீல் கட்டணம் பிரச்சினையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். காவலில் இருப்பவர் என்ற ஒரு தகுதியே போதும், வருமானச் சான்று கேட்கக் கூடாது (1987ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 12). தொலைபேசி 15100. உயர் நீதிமன்றத்தில் அதற்கான குழு தனியாக இருக்கிறது, ஆட்கொணர்வு மனுவுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். மனு பட்டியலுக்கு வரச் சில மாதம் ஆகிவிடுவது வழக்கம், எனவே புக்லெட் கைக்கு வந்த வாரத்திலேயே வக்கீலிடம் முழு நகலும் போய்ச் சேரட்டும். அட்டை, பின்பக்கம், சிறையில் பெற்றுக்கொண்டதாகப் போட்ட கையெழுத்துப் பக்கம் எல்லாம் சேர்த்து.