சங்கம் (1964) முழுப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. ராஜ் கபூரின் சங்கம் படத்தை வெட்டாமல் முழுசாகப் பார்க்க வழி இருக்கிறதா? கிட்டத்தட்ட 4 மணி நேரப் படம், என்னிடம் உள்ளது 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

கோபால் (ராஜேந்திர குமார்) ராதாவுக்கு (வைஜெயந்திமாலா) எழுதிய, பெயர் போடாத காதல் கடிதம் சுந்தர் (ராஜ் கபூர்) கையில் சிக்குகிறதே, அங்கிருந்தே தாவித் தாவித்தான் போகிறது. அப்புறம் ராஜ் கபூர் பியானோ முன் உட்கார்ந்து முகேஷ் குரலில் நண்பனைக் குத்திப் பாட, ராஜேந்திர குமாரும் வைஜெயந்திமாலாவும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவிப்பார்களே, அது பாதியில் அறுந்துபோகிறது (படத்தின் உயிரே அதுதான்!).

அம்மாவுக்கு இந்தி தெரியாது, வைஜெயந்திமாலாவுக்காகவே கேட்கிறார். தமிழ் சப்டைட்டில் இருந்தால் ரொம்ப நல்லது, ஆங்கிலம் என்றாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லிவிடுவேன். டிவிடி என்றால் தபால் செலவு என்னுடையது.