சிமுலேஷனில் 99.70%, சூத்திரத்தில் 99.85%. எங்கே தவறு?

வணக்கம் நண்பர்களே. எங்கள் நூல் மில்லில் இரண்டு ஏர் கம்ப்ரஸர், இரண்டுமே ஓடும், ஒன்று நின்றாலும் ஆட்டோகோனருக்கு (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) காற்று போதும். ஒவ்வொன்றும் சராசரியாக 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகிறது, சரிசெய்ய 20 மணி நேரம். ஃபிட்டர் ஒருவர்தான். 500/520 என்றால் 96.15%, இரண்டும் சேர்ந்து நிற்காமல் இருப்பது 99.85%. ஆனால் சிம்பையில் (SimPy, பைத்தானில் சிமுலேஷன் எழுதும் லைப்ரரி) ஒரு வருஷம் ஓட்டினால் ஒருமுறை 100 வருகிறது, ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்ணை (சீட்) மாற்றினால் 99.2. ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் 99.70. இரண்டு நாளாக இதே வேலை, தயவுசெய்து யாராவது பாருங்கள்.

பதில் 1:
கோடில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் போட்ட சூத்திரம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஃபிட்டர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஒரே ஆள் என்றால், பழுது வரும் நேரமும் சரிசெய்யும் நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் (சராசரியைச் சுற்றி மிகவும் சிதறி வரும் ரேண்டம் பரவல்) என்று வைத்துக்கொண்டு, இரண்டும் ஓடும், ஒன்று நிற்கும், இரண்டும் நிற்கும் நிலைகள் 1 : 0.08 (2 × 20/500) : 0.0032 (0.08 × 20/500) என்ற விகிதத்தில் அமையும். 0.0032-ஐ 1.0832-ஆல் வகுத்தால் 0.295%, அதாவது உங்கள் 99.70. வருஷத்துக்கு 13 மணி நேரம் என்று நினைத்த நிறுத்தம் 26 ஆகிறது. கோடில் ஃபிட்டர் ரிசோர்ஸின் கெப்பாசிட்டியை (ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆட்கள் எண்ணிக்கை) 2 ஆக்கிப் பாருங்கள், 99.85 வர வேண்டும்.

இரண்டும் சேர்ந்து நிற்பது வருஷத்துக்குச் சுமார் 1.3 தடவைதான். அதனால் ஏறக்குறைய நாலில் ஒரு வருஷம் அது நடக்காமலேயே போகும், 100 வருவது அதனால்தான். ஒரு வருஷ ஓட்டத்தை நம்பி மேனேஜரிடம் எண் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 2:
அந்த 20 மணி நேரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் மெஷின் நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை எழுதியிருந்தால் ஃபிட்டருக்காகக் காத்திருந்த நேரமும் அதற்குள்ளேயே இருக்கும். சிமுலேஷனிலும் க்யூ வைத்தால் அதே காத்திருப்பை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள். இன்னொன்று, பழுது நேரம் பெரும்பாலும் ஒரே அளவாக இருந்தால் எக்ஸ்பொனென்ஷியல் போடாதீர்கள். எல்லாமே சரியாக 20 மணி என்றால் இரண்டும் நிற்கும் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும்.

கேட்டவர்:
கெப்பாசிட்டி 2 போட்டேன், 99.85 வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ரெஜிஸ்டரையும் எடுத்துப் பார்த்தேன் சார், நீங்கள் சொன்னதேதான். ஒரு நாள் இரவு 11:40-க்கு நின்ற கம்ப்ரஸரில் ஃபிட்டர் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் கை வைத்திருக்கிறார், அதுவரை இன்னொன்றில் இருந்தார். எழுதியிருப்பது 16 மணி, உண்மையான வேலை ஏழு மணி நேரம்கூட இல்லை. வேலை தொடங்கிய நேரத்துக்குத் தனிப் பத்தி போட்டு, பழைய பக்கங்களை ஃபிட்டரோடு உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் புது எண்களோடு வருகிறேன்.