பழைய டிவி கேம்: சிவப்பு லைட் எரிகிறது, படம் வரவில்லை. அவசரம்

கொரடாச்சேரிக்காரன்
வணக்கம். கும்பகோணத்தில் பழைய சாமான் கடையில் 600 ரூபாய்க்கு ஒரு டிவி கேம் வாங்கினேன். இரண்டு கேம் கேசட்டும் கூடவே வந்தது. கடையில் போட்டுக் காட்டினார்கள், நன்றாக ஓடியது. வீட்டில் சுவிட்ச் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, டிவி கருப்பாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வருகிறான், அவனிடம் சொல்லியும் விட்டேன். யாராவது உடனே சொல்லுங்கள்.

வெட்டாறு
எந்த மாடல், எந்த டிவி? டிவியின் ஆன்டெனா குழியில் செருகும் ஆர்.எஃப் ஒயரா, மஞ்சள் ஏவி ஒயரா? அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது? லைட் எரிவதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அலையாத்தி
டியூனிங்தான் அண்ணே. எங்கள் வீட்டிலும் இதே கதை. புது எல்.இ.டி டிவியில் அனலாக் சேனல் தேட வேண்டும். பெட்டிக்குப் பின்னால் 3, 4 என்று சுவிட்ச் இருக்கும். மூன்றில் வைத்தால் 55.25 மெகாஹெர்ட்ஸ், நான்கில் வைத்தால் 62.25. கையால் நகர்த்தித் தேடுங்கள், கிடைக்கும்.

பழைய பெட்டி
முதலில் கேசட்டைக் கழற்றி ஊதிப் போடுங்கள் தம்பி. 95-ல் திருத்துறைப்பூண்டியில் நாங்கள் ஊதி ஊதித்தான் காண்ட்ரா கேம் ஆடினோம். பத்தில் ஒன்பது முறை அதுதான் குறை.

மன்னை ரேடியோ
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். டிவி பெயர் இல்லை, அடாப்டர் பெயர் இல்லை, அளவு இல்லை, ஆனால் அவசரம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாதவர் பழைய பெட்டி வாங்கவே கூடாது. பெட்டிக்குள் 7805 என்று மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கும், வோல்டை 5-ல் நிறுத்துவது அதுதான். எழுத்து உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்தால் இடது கால் உள்ளே வருவது, நடு கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட். வலது காலில் 5 இல்லையென்றால் அது செத்துவிட்டது, மாற்றுங்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அலையாத்தி
புதிதாக வருகிறவரிடம் இப்படிப் பேசினால் எப்படி சார்? பழைய பெட்டி அண்ணே, ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்புத் தகட்டில் பட்டால் பச்சை பிடிக்கும். நம் ஊர்க் காற்றுக்கே போதும் போதும் என்று துரு ஏறுகிறது. இந்த வகை கேமை முதலில் செய்த ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவே ஊத வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

பழைய பெட்டி
அப்படியென்றால் ஊதியதும் எப்படி ஓடியது? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெட்டாறு
ஊதியதால் ஓடவில்லை அண்ணே, கழற்றி மறுபடி செருகியதால் ஓடியது. அந்த உரசலில் தகடு துடைபடும். அதுவும் இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது நிண்டெண்டோ அமெரிக்காவில் விற்ற என்.இ.எஸ் பெட்டியால். அதில் கேசட்டைத் தொடும் பின் 72, கேசட்டை உள்ளே தள்ளி அமுக்க வேண்டும், அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோகும். நம் ஊரில் விற்றது பெரும்பாலும் 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள். 60 பின், மேலிருந்து நேராகச் செருகுவது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

பழைய பெட்டி
சரி, துடைக்கட்டும். ஆனால் நாங்கள் ஊதிய கேசட் இன்னும் ஓடுகிறது. அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொரடாச்சேரிக்காரன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெட்டியில் பெயர் அழிந்துவிட்டது. மஞ்சள் ஒயர்தான், பழைய டியூப் டிவி. அடாப்டர் கனமான கருப்புப் பெட்டி, 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர். கேசட் துடைத்தேன், மாற்றமில்லை. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இன்று காலை ஐந்தரைக்குப் போட்டேன், படம் வந்தது! எட்டு மணிக்கு மேல் இரண்டு கருப்புப் பட்டை மெல்ல மேலே ஏறியது, அப்புறம் மொத்தமும் கருப்பு.

வெட்டாறு
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பக்கம் இப்போது குறுவைக்கு போர்செட் ஓடுகிறதா? எட்டு மணிக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா?

கொரடாச்சேரிக்காரன்
ஆமாம் அண்ணே. டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்களுடையதுதான் கடைசி வீடு. மோட்டார் போட்டுவிட்டால் டியூப்லைட்டே எரியாது.

வெட்டாறு
அப்படியென்றால் பெட்டியில் குறை இல்லை. கனமான அடாப்டருக்குள் இருப்பது வெறும் டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, ஒரு கண்டன்சர். வீட்டுக்கு வரும் வோல்ட் குறைந்தால் அது கொடுப்பதும் அதே விகிதத்தில் குறையும். 230-க்கு 9 கொடுப்பது 165-க்கு ஆறரைதான் கொடுக்கும். 7805 சரியாக 5 கொடுக்க உள்ளே சுமார் 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் 5 தாங்காது, கேமை ஓட்டும் சிப் நின்றுவிடும். லைட்டுக்கு இரண்டு வோல்ட் போதும், அது எரிந்துகொண்டே இருக்கும். பட்டை ஏறியதும் இதனால்தான். அளக்கும்போது பெட்டியில் செருகி, சுவிட்ச் போட்டு அளங்கள். சும்மா அளந்தால் நிறைய காட்டி ஏமாற்றும்.

கொரடாச்சேரிக்காரன்
மோட்டார் ரீவைண்டிங் கடையில் மீட்டர் வாங்கி வந்தேன். பிளக் 168. அடாப்டர் சும்மா 9.6, பெட்டியோடு 6.3. வலது கால் 4.2.

மன்னை ரேடியோ
அளவு வந்துவிட்டது, நல்லது. 7805 சாகவில்லை, நான் சொன்னது தவறு. 9 வோல்ட் 1 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ் அடாப்டர், அதாவது செல்போன் சார்ஜர் மாதிரி எடை குறைந்த வகை, வாங்குங்கள். 100 முதல் 240 வரை எது வந்தாலும் அது 9-ஐ விடாது. 12 வோல்ட் வேண்டாம், ரெகுலேட்டர் கொதிக்கும். இன்னொன்று, இதை மறந்தால் பெட்டி போய்விடும்: பழைய அடாப்டர் முனையில் சிவப்புக் குச்சியை நடுவிலும் கருப்பை வெளிவளையத்திலும் வைத்துப் பாருங்கள். மைனஸ் காட்டினால் நடு நெகட்டிவ். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நடு பாசிட்டிவ்.

கொரடாச்சேரிக்காரன்
மைனஸ்தான் காட்டியது. புது அடாப்டர் வாங்கி, ஒயரை வெட்டி மாற்றிச் சுற்றி டேப் ஒட்டினேன். செருகுவதற்கு முன் மீட்டரில் பார்த்தேன், அதுவும் மைனஸ் 9.1. மத்தியானம் மோட்டார் ஓடும்போதே படம் போகாமல் நிலையாக இருக்கிறது. பையன் வந்துவிட்டான். எல்லோருக்கும் நன்றி.

அலையாத்தி
டேப் மட்டும் போதாது அண்ணே, ஈயம் வைத்துப் பற்றவைத்து விடுங்கள். மழைக்காலத்தில் சுற்றிய ஒயர் கருக்கும்.