எப்போதாவது ஓடும் பழைய பிக்கப்: பேட்டரி, டீசல் பற்றி யோசனை வேணும்

வணக்கம். எங்க தோப்பில் ஒரு பழைய டாடா 207 டீசல் பிக்கப் நிக்குது. தேங்காய் வெட்டுக்கும் உரம் எடுக்கவும்தான் வெளியே வரும். மத்த நாளெல்லாம் கொட்டகைதான். விக்க மனசில்லை, கேக்கிற விலையும் அப்படி.

முதல் தலைவலி பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டுது, சில வாரம் நின்னா 12-க்குக் கீழே இறங்கிடுது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வச்சாலே போதுமா, இல்ல கூரையில் சின்ன சோலார் பேனல் போட்டு சார்ஜ் ஏத்தலாமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க" மட்டும் வேண்டாமே. அதில் ஆயில் சூடேறாது, உள்ளே ஈரம்தான் சேரும்.

அடுத்து டீசல். டேங்கில் நீர் கோக்கக் கூடாதுன்னு நிரப்பித்தான் நிறுத்துறேன். ஆனாலும் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தினா முதலில் தண்ணிதான் சொட்டுது. டேங்கையே இறக்கிக் கழுவணுமா?

டயரில் பட்டன் நல்லா இருக்கு, ஆனா ஓரத்தில் 2316, அதாவது 2016-இல் 23-வது வாரம் செஞ்சது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு. எஃப்.சி.யும் (வண்டித் தகுதிச் சான்று) வருது, மாத்திடலாம்னு இருக்கேன்.

ஹேண்ட்பிரேக் போட்டு வச்சா இறுகிப் பிடிச்சுக்கும்னு, அதைப் போடாம சக்கரத்துக்குக் கட்டைதான் வைக்கிறேன். அப்புறம், எலி வயரைக் கடிக்காம இருக்க நீங்கள்லாம் என்ன பண்றீங்க?