நுவரெலியா பென்ஸ்: ஒயில் மூடியில் வெள்ளை இருந்தால் ஹெட் கேஸ்கட் போச்சா?

ஹட்டன்_பையன்
எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவில் ஒரு 1998 பென்ஸ் சி 180 விலைக்கு வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற டாக்டர் ஐயா ஒருவருடையது. மீற்றர் 1,42,000 கிலோமீற்றர் காட்டுகிறது, 38 இலட்சம் சொல்கிறார். நேற்றுப் போய் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். உள்பக்கம் தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. இங்கே கொழும்பு13 போன வாரம், "மூடியில் வெள்ளையைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு, அது ஹெட் கேஸ்கட் போன எஞ்சின்" என்று எழுதியிருந்தார். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில், குளிர்விக்கிற திரவமும் ஒயிலும் கலக்காமல் தடுக்கிற தகட்டைச் சொல்கிறார். அதனால் முற்பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன். சரியா?

நானுஓயாக்காரன்
தம்பி, அதைப் படித்ததில் இருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கடல் மட்டத்தில் இருந்துகொண்டு எங்கள் ஊர்க் காருக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி கிடக்கிற ஊர். அந்த டாக்டர் ஐயா காரை எங்கே கொண்டு போயிருப்பார்? டவுனுக்கு, கோயிலுக்கு, திரும்ப வீட்டுக்கு. ஒயில் சூடாவதற்குள் எஞ்சினை நிறுத்தியாச்சு. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போக நேரமே கிடைக்காது. மேலே இருக்கிற மூடி சீக்கிரம் குளிர்கிற இடம், அதனால் அங்கேதான் வெள்ளை படியும். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் கராஜ் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் வருகிற கார்களில் பாதிக்கு மூடியில் வெள்ளை இருக்கும்.

மூடியை விடு, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, இழு. அதில் ஒயில் பால் கலந்த மாதிரி இருந்தால் காரை விட்டுவிட்டு ஓடி வா. சுத்தமாக இருந்தால் மூடியைத் துணியால் துடைத்துவிட்டு மற்றதைப் பார்.

கொழும்பு13
ஒரே ஒரு கேள்வி. வெள்ளை எப்படி வரும்? ஒயிலில் தண்ணீர் கலந்தால்தான் வரும். இதை மறுக்க முடியுமா? முடியாது. 38 இலட்சம் போடுகிறவன் ஒயிலில் தண்ணீர் இருக்கிற காரை எதற்கு வாங்க வேண்டும்?

நானுஓயாக்காரன்
தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கேஸ்கட் வழியாக வந்தால் ரேடியேட்டரில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம், குறையும். நாளுக்கு நாள் அளவு இறங்கும். பனியில் வந்தால் கூலண்ட் ஒரு சொட்டும் குறையாது. இந்த வித்தியாசம் கூடத் தெரியாமல் அடுத்தவனின் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது.

கொழும்பு13
அப்படியென்றால் தண்ணீர் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

மஹியாவ
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இயந்திரவியல் படித்தவள். ஈரம் வெளிப்பனியில் இருந்து மட்டும் வருவதில்லை. பெற்றோல் எரிந்தாலே நீராவி உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். சூடான எஞ்சினில் அது காற்றோட்டக் குழாய் வழியாகப் போய்விடும், குளிர்ந்த எஞ்சினில் தங்கிவிடும். ஆகவே மூடியை வைத்து மட்டும் கேஸ்கட் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் "எல்லாம் பனி" என்பதும் சரியில்லை.

நானுஓயாக்காரன்
தங்கச்சி, நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு "சரியில்லை"? நான் "உள்ளே இருக்கிற ஈரம்" என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

மஹியாவ
படித்துவிட்டுத்தான் எழுதினேன். அப்புறம், எனக்கு ஐம்பத்தொரு வயது. தங்கச்சி என்று கூப்பிட வேண்டியதில்லை.

பண்டாரவளை_டீசல்
தம்பி, பெற்றோல் பென்ஸ் எதற்கு? பென்ஸிலேயே பழைய 124 உடம்பில் 250 டி டீசல் தேடு. ஐந்து சிலிண்டர், ஸ்பார்க் பிளக் தொல்லையே கிடையாது. அதில் மூடியை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வை. இலேசாக ஆடினால் நல்ல எஞ்சின். துள்ளிக் கீழே விழுந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. மூடி பொய் சொல்லாது.

கொழும்பு13
பார்த்தீர்களா, இவரும் மூடியைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

நானுஓயாக்காரன்
அது வேறு சோதனை! அவர் சொல்வது அழுத்தம், நீங்கள் சொல்வது வெள்ளை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஹட்டன் தம்பி, இவர்கள் சத்தத்தில் குழம்பாதே. முதலில் அந்த எஞ்சின் என்ன என்று தெரிந்துகொள். 1998 சி 180 என்றால் எம் 111. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்டைச் சுழற்றுகிற டைமிங் செயின் இரட்டை வரிசை. 2002க்குப் பிறகு வந்த எம் 271இல் செயின் ஒற்றை வரிசை. அது நீண்டு, கேம்ஷாஃப்ட் பல்சக்கரம் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில வினாடி கடகடவென்று சத்தம் வருகிற கதையெல்லாம் அந்த எஞ்சினுக்குரியது. பெயர் ஒன்று என்பதால் எல்லா சி 180உம் ஒரே எஞ்சின் ஆகிவிடாது.

விடியக்காலம் ஆறு மணிக்குப் போ. வருகிறேன் என்று முந்தின நாள் சொல், நேரத்தைச் சொல்லாதே. பொனட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் உனக்கு முன்னே ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் போ. குளிர்ந்து இருந்தால் நீயே சாவியைத் திருப்பு. குளிரில் வெள்ளைப் புகை வரும், பயப்படாதே. சூடான பிறகும் அது நிற்காமல் வந்து, கூடவே கூலண்டும் குறைந்தால் அப்போது கேஸ்கட்டைச் சந்தேகப்படு.

அதற்குப் பிறகு லபுக்கலையில் இருந்து ரம்பொடை வரை இறக்கத்தில் கொண்டு போ. கியரைக் குறைத்து, அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கவிடு. கீழே வந்ததும் ஒரு மிதி மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார். நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வ் சீல் போய்விட்டது. நீண்ட இறக்கத்தில் எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் ஒயில் உள்ளே இறங்கிவிடும், அதுதான் அந்தப் புகை. கொழும்பில் காலி வீதியில் நாள் முழுக்க ஓட்டினாலும் இது தெரியாது. மலை இருக்கிற ஊரில்தான் எஞ்சினை விசாரிக்க முடியும்.

கொழும்பு13
இத்தனை வரியிலும் வெள்ளை எப்படி வந்தது என்பதற்குப் பதில் இல்லை.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். போன வருஷம் வெலிமடையில் ஒரு ஜெர்மன் கார் பார்த்தேன். மூடியில் இதே வெள்ளை. இங்கே கேட்டேன். இதே நானுஓயாக்காரன்தான் "பனி, தாராளமாக வாங்கு" என்றார். வாங்கினேன். மூன்றாவது மாசம் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதித்து நின்றது. ஹெட்டைக் கழற்றினார்கள். எட்டு மாசம் கார் கராஜில் கிடந்தது. என் பிள்ளையின் பள்ளிக்கூட வேனுக்கு நான் கொடுத்த காசை யார் தருவார்கள்?

நானுஓயாக்காரன்
நீ இதை எடுப்பாய் என்று தெரியும். "தாராளமாக வாங்கு" என்று நான் எழுதவே இல்லை. "குளிரில் நீயே ஸ்டார்ட் பண்ணு, கூலண்ட் அளவைப் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்துத் திரும்பப் பார், அப்புறம் வாங்கு" என்று எழுதினேன். நீ மதியம் இரண்டு மணிக்குப் போய், விற்கிறவர் ஓட்டிவந்து நிறுத்திய காரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே காசு கொடுத்தாய். அந்தக் காரில் தெர்மோஸ்டாட்டே, எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வே, இல்லை என்று நீதான் பிறகு எழுதினாய். யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் கொதிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். அலுமினிய ஹெட்டைத் தண்ணீர் அரித்தது. பழி எனக்கா?

கொழும்பு13
முதலில் "நீ" போடுவதை நிறுத்துங்கள். நான் உங்கள் கராஜ் பையன் இல்லை.

பண்டாரவளை_டீசல்
தெர்மோஸ்டாட் பேச்சு நல்ல பேச்சு. சூட்டு முள் 80க்கு மேல் ஏறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இறக்கத்தில் தொப்பென்று கீழே விழுந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டது. அப்படி ஓடுகிற எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், மூடியில் வெள்ளையும் வரும்.

ஆனாலும் டீசல்தான்.

கொழும்பு13
சரி, வெள்ளைக்குக் காரணம் பனி, பெற்றோல், தெர்மோஸ்டாட் என்று மூன்றாகிவிட்டது. ஹெட் கேஸ்கட் மட்டும்தான் காரணம் இல்லையாம்.

ஹட்டன் தம்பி, கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம், அளந்து பார். 13 பார் வராவிட்டால் விட்டுவிடு.

நானுஓயாக்காரன்
நுவரெலியாவில் 13 தேடினால் புது எஞ்சின் கூடத் தேறாது. உனக்கு, மன்னிக்கவும், உங்களுக்கு எப்படி விளங்கவைப்பது?

மஹியாவ
இதில் நானுஓயாக்காரர் சொல்வது சரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கொழும்பில் 13 காட்டுகிற அதே எஞ்சின் அங்கே பத்தரைக்குக் கிட்டத்தான் காட்டும். பார்க்க வேண்டியது மொத்த அளவை அல்ல, நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகிறதா என்பதை. மூன்று பத்தரை காட்டி ஒன்று ஏழு காட்டினால் அங்கே சிக்கல்.

கேஸ்கட் சந்தேகம் தீர வேண்டுமானால் ரேடியேட்டர் வாயில் நீல மருந்து வைத்துச் சோதிக்கலாம். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் மருந்து மஞ்சளாக மாறும். ஒரு கருவி, பத்து நிமிஷம். இத்தனை சண்டை தேவையில்லை.

நானுஓயாக்காரன்
என்னிடம் அந்த மருந்து இருக்கிறது. ஆனால் டிப்ஸ்டிக்கைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மருந்து வேண்டாம். எங்கள் அப்பா தோட்டத்துத் துரை பங்களாவில் டிரைவர். துரையின் காரை வெறும் காதால் கேட்டே வால்வ் சத்தத்தைச் சொல்வார்.

மஹியாவ
காதால் கேட்கலாம். கூலண்டில் கலந்த வாயுவைக் கேட்க முடியாது.

கொழும்பு13
மருந்து இருந்தும் வெலிமடைக் காருக்கு ஏன் வைத்துப் பார்க்கவில்லை?

நானுஓயாக்காரன்
நீங்கள் காரை என்னிடம் கொண்டுவரவே இல்லையே!

பண்டாரவளை_டீசல்
2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினதில் இருந்துதான் இந்தப் பழைய காருக்கெல்லாம் இந்த விலை. 2025 பெப்ரவரியில் திறந்தும் விலை இறங்கின பாடில்லை. 38 இலட்சம் அதிகம், தம்பி. 32 கேள்.

ஹட்டன்_பையன்
அண்ணன்மார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ஐயாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். டிப்ஸ்டிக்கைப் பற்றிக் கேட்டேன், தான் பார்த்ததே இல்லை என்கிறார். நானுஓயா அண்ணே, நீங்கள் வரமுடியுமா?

நானுஓயாக்காரன்
ஆறு மணிக்கு வருகிறேன். டிப்ஸ்டிக்கை நான் இழுக்கிறேன். மூடியை நான் தொடமாட்டேன்.

கொழும்பு13
தம்பி, மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போடு. அவர் துடைப்பதற்கு முன்னே எடு.