ஒயின் பாட்டில் ஸ்டாண்டு இடம் வலமாக ஆடுகிறது. என்ன செய்யலாம்?

கேட்டவர் (புதுச்சேரி):
வணக்கம். பைன் மரத்தில் ஒயின் ஸ்டாண்டு ஒன்று செய்திருக்கிறேன். உயரம் 120 செ.மீ., அகலம் 50, ஆழம் 22. ஆறு தட்டு, தட்டுக்கு நான்கு பாட்டில். பலகைக்குப் பதில் முன்னும் பின்னும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, பாட்டில் உட்கார வளைவு வெட்டியிருக்கிறேன். காலோடு ரீப்பரைச் சேர்த்தது ஸ்க்ரூவும் ஃபெவிகாலும்தான். விரலால் தள்ளினாலே மேல்பக்கம் இரண்டு விரற்கடை நகர்ந்து திரும்புகிறது. அண்ணன் பிரான்சிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பாட்டில்கள், அடுக்கவே கை வரவில்லை. இன்னும் நாலு ரீப்பர் குறுக்கே அடித்தால் நிற்குமா? வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது.

பதில் 1:
குறுக்கே எத்தனை அடித்தாலும் ஆட்டம் போகாது நண்பரே. நான்கு சட்டம் சேர்ந்த கட்டம் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. போதாததற்கு ஸ்க்ரூ ரீப்பரின் முனையில், நார் ஓடும் திசையிலேயே இறங்கியிருக்கிறது. அங்கே பிடிப்பு குறைவு. பின்பக்கம் முழுக்க 6 மி.மீ. பிளைவுட் வைத்து, பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ போடுங்கள்.

கேட்டவர்:
பின்னால் மூடிவிட்டால் சுவர் தெரியாதே அண்ணா?

பதில் 1:
சரி, அப்படியானால் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சட்டம். ஒவ்வொன்றும் சுமார் 130 செ.மீ. வரும். நடுவில் சந்திக்கும் இடத்தில் தடிமனில் பாதிப்பாதி வெட்டிப் பொருத்துங்கள். அடிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக வரவேண்டும். கோணலாக இருக்கும்போது அடித்தால் கோணலாகவே நின்றுவிடும்.

பதில் 2:
எனக்கு ஆழம்தான் கவலை. நிரம்பிய 750 மி.லி. பாட்டில் சுமார் ஒன்றேகால் கிலோ. 24 பாட்டில் என்றால் 30 கிலோ! வீட்டில் சின்னக் குழந்தை மேல்தட்டைப் பிடித்துத் தொங்கினால் அப்படியே முன்னால் கவிழும். இரண்டு பக்கமும் காலுக்கு அடியில் 36 செ.மீ. நீளத்துக்குக் கட்டை கொடுங்கள். முன்னால் 10, பின்னால் 4 நீட்டிக்கொண்டிருக்கட்டும். பக்கவாட்டு மூலைகளில் பிளைவுட் முக்கோணம் வைத்தால் முன்பின் ஆட்டமும் நிற்கும். நிரப்பும்போது கீழ்த்தட்டிலிருந்து, எடுக்கும்போது மேல்தட்டிலிருந்து. பாட்டிலின் கழுத்து முன்னால் இருக்கட்டும், கனமான அடிப்பக்கம் சுவரை ஒட்டி வரும். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்கவைத்தால்தான் கார்க் காயாமல் இருக்கும். திருகுமூடி என்றால் அந்தக் கவலை இல்லை.

கேட்டவர்:
அளந்தேன். ஒரு மூலைவிட்டம் 1.2 செ.மீ. கூடுதல்!

பதில் 1:
பயப்படாதீர்கள். நீளமாக இருக்கும் பக்கத்தில் மூலைக்கு மூலை கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி மெல்ல முறுக்குங்கள். அளவு ஒன்றானதும் குச்சியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு, பெருக்கல் குறிச் சட்டங்களை அடியுங்கள். பசை காயும் வரை, ஒரு நாளாவது, கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். இப்போது தள்ளினால் ஸ்டாண்டு ஆடவில்லை, மொத்தமாகத் தரையில் நகர்கிறது. இடது பின்கட்டை மட்டும் தரையில் படாமல் நின்றது, பழைய செருப்புத் தோலில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். கீழ் மூன்று தட்டும் நிரம்பிவிட்டன. இருவருக்கும் மிக்க நன்றி.